கத்திரி வெயிலில் வெண்பன்றிப் பண்ணை: முதலில் தண்ணீர் நிப்பிளைப் பாருங்கள்

போன வருஷம் கத்திரி தொடங்கி நாலாம் நாள். ஈன்று ஒன்பது நாளான தாய்ப்பன்றி ஒன்று தீவனத்தைத் தொடவில்லை. தீவனம் பூசணம் பிடித்துவிட்டதோ என்று புது மூட்டை பிரித்தேன், வெல்லத் தண்ணீர் கலந்து பார்த்தேன். மறுநாள் மதியம் வாயைத் திறந்து இரைத்தபடியே செத்துப்போனது. குட்டிகளை வேறு தாய்களிடம் பிரித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்தேன். கொட்டகை கட்டுவது, இனம் தேர்ந்தெடுப்பது எல்லாம் இதில் இல்லை. பண்ணை ஓடிக்கொண்டிருக்கிறது, வெயில் வந்துவிட்டது, இனி என்ன செய்வது என்பது மட்டும்.

படி 1: மூச்சை எண்ணுங்கள்

பன்றிக்கு நம்மைப் போல வியர்த்துக் குளிராது. போதாததற்குத் தோலுக்கடியில் கொழுப்பு. மதியம் இரண்டு மணிக்குப் படுத்திருக்கும் பன்றியின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். வளர்ந்த பன்றிக்கு 20 முதல் 30 வரை சரி. 40ஐத் தாண்டினால் கீழே உள்ள வேலைகளை அன்றைக்கே தொடங்குங்கள். சுத்தமான இடம் இருந்தும் சாணத்திலும் மூத்திரத்திலும் போய்ப் புரண்டால் அதுவும் சூட்டின் அறிகுறிதான், அழுக்குப் புத்தி இல்லை.

படி 2: நிப்பிள்

பன்றி வாயால் அழுத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனைதான் நிப்பிள். நான் சறுக்கியது இங்கேதான். நிப்பிளை அழுத்தினால் தண்ணீர் வருகிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்திருந்தேன். எவ்வளவு வருகிறது, என்ன சூட்டில் வருகிறது என்று பார்க்கவே இல்லை.

அரை லிட்டர் குவளையை நிப்பிளுக்கடியில் பிடித்து நேரம் பாருங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு 15 முதல் 20 வினாடிக்குள் நிறைய வேண்டும். என் பண்ணையில் ஒரு நிமிஷம் ஆனது. ஒரு தாய்ப்பன்றி நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். அந்த வேகத்தில் அவ்வளவையும் குடிக்க முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். எந்தப் பன்றியும் நிற்காது, பாதியில் படுத்துவிடும். தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், தீனி குறைந்தால் பால் வற்றும். நிப்பிளைக் கழற்றினால் உள்ளே சல்லடையில் உப்பும் மண்ணும் அப்பியிருந்தன. கிணற்றுத் தண்ணீர் என்றால் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

அடுத்தது சூடு. என் குழாய் தகரக் கூரையை ஒட்டிப் போனது, தொட்டி கறுப்பு. மதியம் வந்த தண்ணீரில் கையே வைக்க முடியவில்லை. இப்போது குழாயை முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டேன். தொட்டிக்கு மேல் கீற்றுப் பந்தல். இருந்தாலும் 12 மணிக்கும் 3 மணிக்கும் கடைசி வால்வைத் திறந்து குழாயில் தேங்கிய சுடுதண்ணீரை வெளியேற்றுகிறோம்.

படி 3: தாய்க்குச் சொட்டுநீர்

பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும். தாய்க்கு 22ஐத் தாண்டினாலே கஷ்டம். இரண்டும் ஒரே கூண்டில். அதனால் கூண்டு முழுக்கத் தெளிக்கவே கூடாது. தோட்டத்துக்குப் போடும், மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பரே போதும். காதுக்குப் பின்னால், கழுத்திலும் தோளிலும் சொட்டுகிற மாதிரி கட்டுங்கள். காதுக்குள் விழுந்தால் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், படுக்காது. குட்டிகள் படுக்கும் பக்கம் தண்ணீர் ஓடாதபடி தரைச் சரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: வளரும் பன்றிக்குத் தெளிப்பு

ஃபாகர் வாங்காதீர்கள் என்பது என் கட்சி. வாங்கி, விற்றும் விட்டேன். புகை மாதிரி மிதக்கும் துளி தோலை நனைப்பதில்லை. காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் புழுக்கத்தைத்தான் கூட்டும். பெரிய துளி போடும் சாதாரண ஸ்பிரிங்க்லர் போதும். இரண்டு நிமிஷம் நனையட்டும், அப்புறம் இருபது நிமிஷம் நிறுத்திக் காய விடுங்கள். நனைவதால் அல்ல, அந்த ஈரம் காய்வதால்தான் உடம்பு குளிர்கிறது. ஓயாமல் தெளித்தால் தண்ணீர்தான் வீண். பக்கத்துத் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு ஒரு ஃபேனும் போடுங்கள்.

படி 5: தீவன நேரம்

தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு கிளம்பும். காலை ஆறுக்கு முன், மாலை ஏழுக்குப் பின் போடுங்கள். நார் அதிகமானால் சூடும் அதிகம், தவிட்டைக் கொஞ்சம் குறைக்கலாம்.

கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது, மேலே கீற்றுப் பரப்புவது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஏப்ரலுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பன்றி சாய்ந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றாதீர்கள். தோல் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும், அதிர்ச்சியும் சேரும். இருக்கும் இடத்திலேயே நிழல் கட்டி, ஃபேன் வைத்து, தரையை நனைத்து, காலிலிருந்து மெதுவாகச் சாதாரணத் தண்ணீர் விடுங்கள். கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

பிறகு சேர்த்தது: கரண்ட் போனால் நிப்பிளில் தண்ணீர் வருவதில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மோட்டாரிலிருந்து நேராக லைன் கொடுத்திருக்கிறார்கள். தொட்டியை உயரத்தில் வைத்து அதிலிருந்து லைன் எடுங்கள்.

இன்னொருவர், கோடை போய் ஜூனிலும் சினை நிற்கவில்லை என்று கேட்டார். ஆண் பன்றியைப் பாருங்கள். வெயிலில் கெட்ட விந்து மறுபடி தேற ஆறு வாரம் போல ஆகும். மே மாத அடி ஜூனில்தான் தெரியும். என் பண்ணையில் வேப்பமரத்தடிக் கூண்டு இப்போது ஆண் பன்றிக்குத்தான்.