குழந்தையின் ஐ.க்யூ. அறிக்கை கைக்கு வந்ததும் எங்கிருந்து படிப்பது?

அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலான பெற்றோர் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள். அங்கே ஐ.க்யூ. எனும் நுண்ணறிவு எண் இருக்கிறது. 84 என்றால் முகம் வாடிவிடுகிறது, 112 என்றால் மலர்ந்துவிடுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக மதுரையில் குழந்தைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை செய்து வருகிறேன். அந்த எண்ணைக் கூட்டிக் கணக்கிட்டு எழுதுகிறவளே நான்தான். இருந்தும் கேட்டுக்கொள்கிறேன், முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

குழந்தை எதற்காக அனுப்பப்பட்டது என்று அங்கே ஒரு வரி இருக்கும். 'கணக்கில் பின்தங்குகிறான்', 'பேச்சு தாமதம்' என்பது போல. அறிக்கை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். இந்தச் சோதனைகள் பிறந்ததே அப்படித்தான். 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 30 பணிகளை எளிதிலிருந்து கடினம் என்று அடுக்கினார்கள். பள்ளியில் கூடுதல் உதவி யாருக்குத் தேவை என்று கண்டறிவது மட்டுமே நோக்கம். ஒரு குழந்தையின் அறிவு இவ்வளவுதான், இனி வளராது என்று சொல்வதைப் பினே கடுமையாக எதிர்த்தார். கேள்வியே எழுதப்படாத அறிக்கை வந்தால், எழுதியவரிடமே திரும்பப் போய்க் கேளுங்கள்.

அடுத்துச் சோதனையின் பெயரைத் தேடுங்கள். நம் ஊரில் பினே-காமத், மாலின், ரேவன், வெக்ஸ்லர் ஆகிய பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். பினே-காமத் 1930களில் கன்னடம், மராத்தி பேசிய குழந்தைகளைக் கொண்டு உருவானது. அதில் மன வயதை உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்குகிறோம். எட்டு வயதுக் குழந்தை ஆறு வயதுக்கான கேள்விகள் வரைதான் தாண்டியது என்றால் 75. வெக்ஸ்லர் வகையில் கணக்கே வேறு. அதே வயதுக் குழந்தைகளின் சராசரியை 100 என்று வைத்து, அதிலிருந்து உங்கள் குழந்தை எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்கிறோம். 85-க்கும் 115-க்கும் இடையில் நூற்றில் ஏறத்தாழ 68 குழந்தைகள் இருக்கிறார்கள். ஆகவே ஒரு சோதனையின் 78-ஐ இன்னொன்றின் 78-க்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். சோதனையின் தர அளவுகள், அதாவது ஒப்பிடுவதற்காகப் பல குழந்தைகளிடம் எடுத்த மதிப்பெண்கள், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டவை என்றும் கேளுங்கள். ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் காட்டியபடி, பல நாடுகளில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி வீதம் மக்களின் மதிப்பெண் கூடிவந்திருக்கிறது. பழைய அளவுகோலில் அளந்தால் குழந்தை உள்ளதைவிட உயரமாகத் தெரியலாம்.

எந்த மொழியில் கேட்டார்கள் என்பது இதையெல்லாம்விட முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் ஏழு வயது மகனை அழைத்து வந்தார். வேறோர் இடத்தில் எடுத்த அறிக்கையில் 66 என்று இருந்தது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பையனிடம் சொற்பொருள் கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். சோதனையின்போது எப்படி இருந்தான் என்ற பகுதியில் 'ஒத்துழைத்தான்' என்ற ஒற்றைச் சொல். விடியற்காலை பஸ் ஏறி, சாப்பிடாமல் போனதாகத் தாய் சொன்னார். சில மாதம் கழித்துத் தமிழில், இரண்டு காலை வேளைகளாகப் பிரித்துச் செய்தேன். 88 வந்தது. அந்த இடைவெளியில் அவனைச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. தூக்கம், பசி, காய்ச்சல், கண்ணாடி போட்டிருந்ததா என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

இனி எண்களுக்கு வரலாம். 'நூற்றுமானம் 50' என்பதைப் பார்த்துவிட்டு, பாதி மதிப்பெண்தானா என்று கலங்கிய தகப்பனார்கள் பலர். அது மதிப்பெண் இல்லை. ஒரே வயதுக் குழந்தைகள் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் உங்கள் பிள்ளை சரியாக நடுவில் நிற்கிறான் என்று பொருள். உட்பிரிவுகளில் வரும் 10 என்பதும் அப்படித்தான். 1 முதல் 19 வரை போகும் அளவில் 10 என்பது சராசரி. மொத்த எண்ணுக்குப் பக்கத்தில் '79 – 90' என்பது போல ஓர் எல்லை இருக்கும். குழந்தையின் உண்மையான மதிப்பெண் பெரும்பாலும் இதற்குள் எங்கோ இருக்கும் என்று பொருள். ஒற்றை எண்ணைவிட அந்த எல்லையைத்தான் நம்ப வேண்டும்.

நான் அதிக நேரம் உட்கார்ந்து விளக்குவது மொழிப் புரிதல், நினைவாற்றல் என்று தனித்தனியாக வரும் பிரிவு மதிப்பெண்களைத்தான். ஒன்றில் நன்றாகச் செய்கிறவர்கள் மற்றவற்றிலும் பொதுவாக நன்றாகச் செய்கிறார்கள் என்று 1904-ல் உளவியலாளர் ஸ்பியர்மேன் கண்டார். அதனால்தான் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்க முடிகிறது. ஆனால் பிரிவுகளுக்குள் பெரிய இடைவெளி விழுந்துவிட்டால் அந்த ஓர் எண் எதையும் சொல்லாது.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. 'சொன்னதைக் காதிலேயே வாங்குவதில்லை' என்பது பள்ளியின் புகார். மொழிப் புரிதல் 108. சிவப்பு வெள்ளைக் கட்டைகளைத் திருப்பித் திருப்பி, நாக்கைக் கடித்தபடி, படத்தில் உள்ள வடிவத்தை அழகாக அடுக்கினாள். பிறகு எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். (சோதனையில் உள்ள எண்களை வெளியே சொல்லக் கூடாது, இங்கே மாற்றித்தான் எழுதுகிறேன்.) 4, 7, 2 என்றதும் 2, 7, 4 என்றாள். நான்கு எண்கள் ஆனதும் விரலால் மேசையைத் தட்டினாள், உதடு அசைந்தது, 'முதல் எண் போய்விட்டது மிஸ்' என்றாள். கேட்டதை மனத்தில் பிடித்துவைத்துக் கையாளும் செயல்படு நினைவாற்றல் 79. 'புத்தகத்தைத் திற, 42-ஆம் பக்கம், ஓரக்கோடு போடு, மூன்றாவது கணக்கை எழுது' என்று ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்லும்போது அவளிடம் மிஞ்சுவது புத்தகத்தைத் திறப்பது மட்டும்தான். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, மற்றவை கரும்பலகையில் என்று எழுதிக் கொடுத்தேன். மொத்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவள் சோம்பேறி என்ற பெயரோடே ஐந்தாம் வகுப்புக்குப் போயிருப்பாள்.

மொத்த எண் 70-க்குக் கீழே இருந்தாலும் அதை மட்டும் வைத்து அறிவுசார் குறைபாடு என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. தானே உடுத்துகிறதா, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருகிறதா என்ற அன்றாடத் திறன்களையும் சேர்த்து அளந்தாக வேண்டும். வைன்லாண்ட் அளவுகோல் இதற்காகத்தான். சூழலைச் சமாளித்து, நோக்கத்தோடு செயல்படும் ஒட்டுமொத்தத் திறன் என்றே வெக்ஸ்லர் சோதனைகளை உருவாக்கிய டேவிட் வெக்ஸ்லரும் நுண்ணறிவை வரையறுத்தார். வீட்டில் குழந்தை செய்பவற்றை ஒரு வாரம் குறித்துவைத்து எடுத்து வாருங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

அதே சோதனையை ஓராண்டுக்குள் மறுபடி எடுக்காதீர்கள். பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடிவிடும். கைப்பேசியில் கேள்விகளைத் தேடிப் பயிற்சி கொடுத்து அழைத்துவரவும் வேண்டாம். அறிக்கையின் மூலப்படியைத் தேதியோடு ஒரு கோப்பில் வைத்திருங்கள். பள்ளிக்குக் கொடுக்கும்போது பரிந்துரைப் பக்கத்தின் நகல் மட்டும் போதும்.