டன்னல் சந்தி ஒளி அளவீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்டிஎம் (வருடும் டன்னல் நுண்ணோக்கி) ஊசிக்கும் உலோகப் பரப்புக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளிதான் டன்னல் சந்தி. அதில் ஓடும் மின்னோட்டத்தில் குவாண்டம் இரைச்சல் எப்போதும் உண்டு. அந்த இரைச்சலின் உயர் அதிர்வெண் பகுதி இடைவெளியின் பிளாஸ்மானை (உலோக எலக்ட்ரான்களின் கூட்டு அலைவை) தூண்ட, ஒளி பிறக்கிறது. 1.6 வோல்ட்டில் ஒற்றை எலக்ட்ரானால் 775 நானோமீட்டரைவிடக் குறுகிய அலைநீள ஒளியைத் தர முடியாது; கீழே ‘எல்லை’ என்பது இதுதான். அறை விளக்கை அணைக்க மறப்பது போன்றவற்றைச் சொல்லத் தேவையில்லை. புதியவர்கள் ஓயாமல் செய்யும் வேறு சில தவறுகள் இருக்கின்றன.

கொடுத்த மின்னழுத்தம் அப்படியே சந்தியில் விழுகிறது என்று நம்புவது

ஆய்வுக்கட்டுரையையே கவிழ்க்கக்கூடியது இதுதான். இன்னமும் நடப்பதுதான் எரிச்சல்.

1 நானோஆம்பியரில் சந்தியின் தடை 1.6 கிகாஓம், வெளியே 1 கிலோஓம் இருந்தாலும் கவலையில்லை. ஊசியை ஒற்றை அணுத் தொடுகைக்குக் கொண்டுபோனதும் சந்தியின் தடை சுமார் 12.9 கிலோஓமாகச் சரிகிறது. இப்போது வடிகட்டியிலும் பெருக்கியின் உள்ளீட்டிலும் ஒளிந்திருக்கும் அதே 1 கிலோஓம், 0.115 வோல்ட்டைத் தின்றுவிடும். எல்லை 775-லிருந்து 835 நானோமீட்டருக்கு நகரும்.

எலக்ட்ரான்கள் கடக்கும் ஒரே கால்வாய் முழுதாகத் திறக்கும்போது ஷாட் இரைச்சல் (எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கடப்பதால் எழும் இரைச்சல்) குறைந்து ஒளியும் மங்கும்; நாம் தேடுவதே அதைத்தான். மின்னழுத்தம் சரிந்தாலும் ஒளி மங்கும். இரண்டும் ஒரே திசையில் இழுப்பதால், மின்தடையின் விளைவை இரைச்சல் குறைவு என்று எழுதிவிடுகிறார்கள்.

அளவீடு முடிந்ததும் ஊசியைப் பரப்பில் ஆழமாக இறக்கி, சில மில்லிவோல்ட் கொடுத்து, அதை ஓடும் மின்னோட்டத்தால் வகுத்துப் பாருங்கள். கிடைப்பது ஏறக்குறைய தொடர் மின்தடைதான். பிறகு ஒவ்வொரு மின்கடத்தலுக்கும், சந்தியில் நிலைக்கும் மின்னழுத்தம் மாறாதபடி வெளி மின்னழுத்தத்தை உயர்த்துங்கள்.

பெருக்கியையும் கவனியுங்கள். தொடுகையில் 100 மைக்ரோஆம்பியருக்கு மேல் ஓடும். வோல்ட்/ஆம்பியர் கணக்கில் 10⁹ பெருக்கம் 10 நானோஆம்பியரிலேயே நிரம்பிவிடும், 10⁴ வேண்டும்.

மூல நிறமாலையை இரைச்சலின் வடிவமாகப் படிப்பது

அதில் பிளாஸ்மானின் வடிவமும் உணரியின் திறனும் கலந்திருக்கின்றன. அதே ஊசியால், எல்லை வெகுதூரம் தள்ளியிருக்கும் உயர் மின்னழுத்தத்தில் ஒரு நிறமாலை எடுத்து, அதால் வகுக்க வேண்டும். முன்னும் பின்னும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஊசி மாறிவிட்டது, தரவு குப்பை.

கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசை

நிறமாலைமானியில் ஒளியைப் பிரிக்கும் கீற்றணிதான் கிரேட்டிங். 3.1 வோல்ட்டைத் தாண்டினால் 400 நானோமீட்டர் ஒளி அதன் இரண்டாம் வரிசையில் 800-லும் முளைக்கும். நீண்ட அலைநீளங்களை மட்டும் விடும் லாங்பாஸ் வடிகட்டி போடுங்கள்.

எல்லைக்கு அப்பால் ஒளி தெரிந்ததும் துள்ளுவது

அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்களின் வெப்ப ஆற்றல் அளவு, அதாவது ஒரு கேடி (kT), 26 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அதனால் வரும் வால் எல்லையைத் தாண்டி நீளும். நிறமாலைமானியின் ஸ்லிட் (ஒளி நுழையும் பிளவு) அகலமும் சேரும். இவற்றைக் கழித்த பிறகும் ஒளி மிஞ்சினால், மாறாத மின்னழுத்தத்தில் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். ஒளி சுமார் நான்கு மடங்கானால் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்திருக்கின்றன.