மறதி நோயில் கையைக் கடிப்பது ஆள் செலவு: கடற்கரைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வண்டி பிடித்து மதுரைக்குப் போவார்கள், நகை அடகுக்குப் போகும், துபாயில் இருக்கும் மகன் பணம் அனுப்புவான், பத்து நாளில் ஒரு முடிவு தெரிந்துவிடும். டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கும் இதே கணக்கைப் போடுவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. அல்சைமர் வகை நோயில், கண்டறிந்த பிறகு நான்கிலிருந்து எட்டு ஆண்டுகள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதையும் தாண்டி நெடுநாள் இருப்பவர்களும் உண்டு. அவ்வளவு காலமும் பணத்தை இழுப்பது பக்கத்தில் இருக்க வேண்டிய ஆள். மருந்துக்கு ஆவது அதில் சிறு பங்குதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுக்க இந்த நோய்க்கு ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி, வீட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் பார்த்த வேலையின் மதிப்பு. அந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது. நம் பக்கம் இது எப்படி நடக்கும்? பாம்பனிலோ சின்னப்பாலத்திலோ கடலில் பாசி எடுக்கப் போய்க்கொண்டிருந்த மருமகள், மாமியாரைத் தனியே விட முடியாமல் வீட்டோடு நின்றுவிடுவாள். அவளுடைய வருமானம் நின்றது எந்த நோட்டிலும் ஏறாது. “அம்மாவுக்கு நாங்க மாசம் ரெண்டாயிரம் அனுப்புறோம்ல” என்று வெளியூர் மகன்கள் சொல்லும் கணக்கில் அந்த இரண்டாயிரம் மட்டும்தான் இருக்கும்.

ஆகவே முதலில் ரூபாயை எண்ணாமல் மணியை எண்ணுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். பெரியவரைத் தனியே விடக்கூடிய நேரம் எவ்வளவு, யாராவது கூடவே இருக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில், பணத்தையும் மாத்திரையையும் ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். நடுக்கட்டத்தில் குளிக்க, உடுக்க, கழிப்பறைக்குப் போக ஆள் வேண்டும். இரவிலும் விழித்திருக்க வேண்டும். பகலுக்கு மட்டும் 12 மணி நேரம் ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்தால் பாதிதான் தீர்ந்தது. மீதி 12 மணி நேரமும் அவளுடைய விடுப்பு நாளும் வீட்டாருக்குத்தான். இந்தத் தாளை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகள் பேசினால் சண்டை வரத்தான் செய்யும். ஆனால் இருட்டில் போடும் சண்டையைவிட அது மேல்.

இந்தக் கடற்கரைக்கே உரிய இரண்டு செலவுகளை வெளியூர்க் கட்டுரைகள் சொல்வதில்லை. ஒன்று, தண்ணீர். சிறுநீர் கட்டுப்பாடு போன பிறகு துணி, விரிப்பு, ஆள் என்று நாளெல்லாம் கழுவ வேண்டும். குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் ஊர்களில் இது தனிச் செலவு. பெரியவர்களுக்கான டயப்பர் அதற்கு மேல். மற்றொன்று, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பராமரிப்பு இல்லத்துக்கோ சம்பள ஆளுக்கோ மாதாமாதம் கட்டும் பணம் அந்த இரண்டு மாதத்தில் எங்கிருந்து வரும் என்று முன்பே யோசிக்காமல் ஒப்புக்கொண்டால், பாதியில் பெரியவரைத் திரும்பக் கூட்டி வரும்படி ஆகிவிடும். இடம் மாறுவது இந்த நோயாளிகளின் குழப்பத்தைக் கூட்டும். இரண்டு முறை மாற்றினால் அவர்களுக்கு இரட்டிப்புச் சிரமம்.

சரி, இதற்கெல்லாம் முன்னால், நோய் அதுதானா என்று பார்த்தீர்களா? “வயசாச்சுல்ல, அப்படித்தான்” என்று விட்டுவிடுவது ஒரு தவறு. பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, விழுந்ததால் மூளையின் மேல் தேங்கிய ரத்தம் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால் அது வேறு கதை: சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, கத்திரி வெயிலில் நீர் வற்றிப்போவது எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் ரத்தப் பரிசோதனைக்கே மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. நிஜமாகவே அல்சைமர் என்றால் டோனெபெசில், மெமன்டின் போன்ற மாத்திரைகள் கொஞ்ச காலத்துக்குக் கொஞ்சம் உதவும். குணப்படுத்தாது. “நினைவு திரும்பும்” என்று யாராவது ஊசிக்கோ லேகியத்துக்கோ பெருந்தொகை கேட்டால், அந்தப் பணத்தை ஆள் வைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது, மகளையே திருடி என்பது, இவையெல்லாம் நோயின் குறிகள். காற்று கருப்பு என்று கொண்டுபோய் எங்காவது கட்டிப்போடும் வழக்கம் இன்னும் முழுதாக ஓயவில்லை. இதே மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த விதத்திலும் அனுமதிக்கவில்லை. தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ போய் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. அங்கே தனியாக விட்டுவிட்டு வருவதுதான் கூடாது.

இனி இல்லம். சாதாரண முதியோர் இல்லம் வேறு, டிமென்ஷியா பராமரிப்பு இல்லம் வேறு. பல முதியோர் இல்லங்கள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களை மட்டுமே எடுக்கும். நோயை மறைத்துச் சேர்த்துவிட்டு, மூன்றாம் வாரம் “வந்து கூட்டிட்டுப் போங்க” என்று போன் வந்த பிறகு சண்டை போடுவதில் நியாயமில்லை. டிமென்ஷியாவுக்கென்றே இருக்கும் இல்லங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில். மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டு முடிவெடுப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. கட்டணத்துக்குள் டயப்பரும் மருந்தும் அடங்குமா, முன்பணம் திரும்பி வருமா, ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றுவார்கள், படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வார்களா, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருப்பது யார் என்று கேளுங்கள். பதிவுச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள். பேச்சுக்கு மாதம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுக்கு 18 லட்சம். வீட்டை விற்பதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்ய வேண்டும்.

இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்ற கேள்வியை விடவே விடாதீர்கள். ஆள் குறைந்த இடத்தில் மாத்திரை அந்த வேலையைச் செய்யும். மனநோய்க்குத் தரப்படும் சில மாத்திரைகள் டிமென்ஷியா முதியோரிடம் பக்கவாத, மரண அபாயத்தைக் கூட்டும் என்பது நன்கு தெரிந்த விஷயம். மருத்துவர் தேவை பார்த்து, குறைந்த காலத்துக்கு எழுதலாம்; அமைதியாக இருக்கட்டும் என்று தினமும் கொடுப்பது ஆபத்து. வீட்டிலும் அப்படித்தான், மருந்துக்கடையில் “தூங்க ஒரு மாத்திரை” என்று கேட்டு வாங்காதீர்கள். மதிய நேரத்தில் முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் இல்லத்துக்குப் போய்ப் பாருங்கள். எல்லாரும் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தால் யோசிக்க வேண்டும்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024-ல் விரிந்தது. அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. வீட்டு ஆளுக்கோ இல்லக் கட்டணத்துக்கோ வராது.

பத்திர விஷயத்தில் கீழக்கரை, தொண்டிப் பக்கக் குடும்பங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பிள்ளைகள் வெளிநாட்டில். “வாப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்காங்க, அது போதும்” என்ற நம்பிக்கை பொய்த்துப்போகும். எழுதிக் கொடுத்தவர் மனத் தெளிவை இழந்துவிட்டால், 1872-ன் ஒப்பந்தச் சட்டப்படி, அவர் சார்பில் செயல்படத் தந்த அந்தப் பவர் பத்திரம் அத்தோடு முடிந்தது. அதன் பிறகு சொத்தைத் தொட வேண்டுமென்றால் நீதிமன்றம் மூலம் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். காலமும் பணமும் போகும். ஆகவே தொடக்கக் கட்டத்திலேயே, அவருக்குப் புரியும்போதே, வங்கிக் கணக்கை இருவரில் யாரும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக்குவது, உயில் எழுதுவது எல்லாம் முடிய வேண்டும். உயிலின்போது மருத்துவர் சான்று இருந்தால் பின்னால் வழக்குக்கு நல்லது. வீட்டைத் தானமாக எழுதிக் கொடுப்பதாக இருந்தால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ன் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வாய்ப்பேச்சாக இருந்தால் நிரூபிப்பது கஷ்டம்.

வீட்டை விட்டுக் கிளம்பிப் போவது இன்னொன்று. ஆயுசு முழுக்க கடலுக்குப் போனவர் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு எழுந்து கரைக்குத்தான் நடப்பார். உடம்பு அந்த நேரத்தை மறக்காது. அப்புறம் இராமேசுவரம் கூட்டத்தில் ஒருவர் தொலைந்தால், யாத்திரை வந்தவர் என்று நினைத்து யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள். வெளியே பூட்டிவிட்டுப் போவது தீயோ வெள்ளமோ வந்தால் உயிருக்கே வினை. கதவில் மணி கட்டுங்கள், சட்டைப் பையில் போன் நம்பர் தையுங்கள், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, ஏலக்கொட்டகை ஆட்களிடம் சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற குடும்பத்துக்குத்தான் தேடல் நீளும். அவரைத் தடுப்பதைவிட, மாலையில் நீங்களே கூட்டிப்போய்க் கரையில் வலை பிரிக்க உட்கார வைத்தால் இரவில் அடங்கித் தூங்கக்கூடும்.

கடைசிக் கட்டத்தில், விழுங்க முடியாதபோது, மூக்கில் குழாய் போட்டால் நாள் கூடும் என்று நினைக்கிறோம். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் உணவு ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. கையால், பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி தணிப்புப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். முதியோர் உதவிக்கு 14567, பராமரிப்பவருக்கே மனம் உடைந்துபோனால் 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள், தமிழிலேயே பேசலாம்.