எட்டு மணி நேரம் பின்னால் ஓடிய கடிகாரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அக்கா மகளின் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 10-ஐ அழிக்காமல், பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இன்னோர் இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்தேன். இரண்டே நாளில் போன். "மாமா, ராத்திரி பத்து மணிக்கு விண்டோஸ்ல மத்தியானம் ரெண்டு மணின்னு காட்டுது."

கணினியின் கடிகாரத்தை ஓட வைக்கும் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். புது சிஆர்2032 வாங்கி மாற்றியும் அதே கதைதான். நேரத்தைக் கையால் திருத்தினாலும், லினக்ஸுக்குள் போய்வந்ததும் மறுபடி பின்னால் போய்விடும்.

அப்புறம்தான் கவனித்தேன்: வித்தியாசம் ஒவ்வொரு முறையும் சரியாக 8 மணி நேரம். பேட்டரி செத்தால் தேதியே பல வருடம் பின்னுக்குப் போய்விடும், இப்படிக் கணக்காக நிற்காது. மலேசிய நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால். 1982 ஜனவரியிலிருந்து அப்படித்தான். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸோ அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இரண்டிலும் கோளாறு இல்லை, வழக்கம்தான் வேறு.

லினக்ஸில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்ற ஒரே கட்டளை போதும். லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே எழுதத் தொடங்கும். ஓர் எச்சரிக்கை வாசகம் வரும். கோடையில் கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளுக்கு அது முக்கியம், அங்கே விண்டோஸை யுடிசிக்கு மாற்றுவதே நல்லது. நமக்கு அந்த வழக்கம் இல்லை.

அன்று இரண்டுக்கும் மாறிமாறிப் போய்வந்து பார்த்தோம். நேரம் நகரவில்லை.