பச்சையாகிப்போன நீச்சல் குளத்தைக் குளோரினால் தெளியவைப்பது எப்படி?

வெயில் காலத்தில் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் போதும், மோட்டார் ஓடாமல் குளோரினும் இல்லாமல் கிடந்த குளம் பச்சைப் பசேலென்று நிற்கும். உடனே தண்ணீரை இறைத்துக் கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அதே தண்ணீரையே தெளியவைத்துவிடலாம்.

முதலில் குளத்தில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர் என்றால் 40,000 லிட்டர்.

அடுத்து இலை தழையை வலையால் அள்ளிவிட்டு, சுவர், படி, ஏணிக்குப் பின்பக்கம் என்று ஒரு இடம் விடாமல் பிரஷ்ஷால் தேயுங்கள். வழவழவென்று ஒட்டியிருக்கிற பாசிக்குள் குளோரின் சுலபமாக இறங்காது.

அப்புறம் பிஹெச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். பலர் தவறவிடுவது இதைத்தான். பிஹெச் 8 இருந்தால் போட்ட குளோரினில் ஏறக்குறைய கால்வாசிதான் வீரியமாக வேலை செய்யும், 7.2-க்கு இறக்கினால் பாதிக்கு மேல். இறக்குவதற்கு ஆசிட் ஊற்றினீர்கள் என்றால் சில மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு, பிறகு குளோரினைத் தொடுங்கள். இரண்டும் நேரடியாகக் கலந்தால் விஷவாயு கிளம்பும்.

வெயில் குளோரினைத் தின்றுவிடும், அதனால் பொழுது சாய்ந்ததும் போடுங்கள். தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரவேண்டும். நம் 40,000 லிட்டருக்கு 10 சதவீதத் திரவக் குளோரின் 4 லிட்டர், அல்லது 65 சதவீதக் குளோரின் குருணை சுமார் 600 கிராம். சாதாரண பிளீச்சிங் பவுடர் வேண்டாம், சுண்ணாம்பு அடியில் தங்கிக் கலங்கடிக்கும். குருணை என்றால் வாளியில் முதலில் தண்ணீர், அதில் குருணை. ஒருபோதும் குருணைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மோட்டார் ஓடும்போதே குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஊற்றுங்கள்.

காலையில் சோதித்தால் குளோரின் காணாமல் போயிருக்கலாம். பயப்பட வேண்டாம், பாசியோடு சண்டைபோட்டுத் தீர்ந்திருக்கிறது, அன்று மாலை மறுபடி போடுங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மிச்சப் பாசி மறுபடி வளர்ந்துவிடும், காசுதான் கரையும். பச்சை போய்ப் பால் கலந்ததுபோல் ஆனால் பாசி செத்துவிட்டது என்று அர்த்தம். அதை வெளியேற்றுவது ஃபில்டரின் வேலை, இரவு பகலாக ஓடட்டும், அதன் அழுத்தமானி ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவுங்கள்.

இரவில் பார்த்த குளோரின் அளவும் விடியுமுன் பார்த்த அளவும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் வித்தியாசப்படாவிட்டால் பாசி ஒழிந்தது. ஆனாலும் குளோரின் 4-க்குக் கீழே வந்து, அடியில் இருக்கும் வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியும்வரை பிள்ளைகளை இறக்காதீர்கள். கலங்கின தண்ணீரில் மூழ்குகிற குழந்தை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.