ஐம்பதைத் தாண்டி ஸ்னோஷூ சாம்பியன்ஷிப் ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பந்தயம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வரிசையைப் பார்த்தாலே யார் பழகியவர், யார் புதியவர் என்று தெரிந்துவிடும். பழகியவர்கள் குனிந்து ஸ்னோஷூவின், அதாவது பனியில் புதையாமல் ஓட ஷூவின் அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான தட்டின், பட்டையை இழுத்துக்கொண்டிருப்பார்கள். புதியவர்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் எங்கே நிற்கப்போகிறார் என்பதை அதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

பருத்தி பனியன் போடாதீர்கள், முதல் நாள் நன்றாகத் தூங்குங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இருபது முப்பது வருடம் ஓடியவர்களுக்கு அது தெரியும். சாலையிலும் மலைப்பாதையிலும் நன்றாக ஓடுகிற ஒருவர் முதல்முறை பனிக்கு வரும்போது செய்யும் தவறுகள் வேறு ரகம். எங்களில் பலரும் செய்து பட்ட தவறுகள்தான் அவை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதியவர்கள் அதே குழியில் விழுவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

வேறு பந்தயத்தில் பெயர் கொடுப்பது

அமெரிக்க தேசிய ஸ்னோஷூ சாம்பியன்ஷிப் நடக்கும் வார இறுதியில் ஒரே ஒரு பந்தயம் மட்டும் ஓடுவதில்லை. பெரியவர்களுக்கான 10 கிலோமீட்டர் சாம்பியன்ஷிப், இளையோர் ஓட்டம், தொடர் ஓட்டம், யார் வேண்டுமானாலும் ஓடக்கூடிய பொது ஓட்டம் என்று பல இருக்கும். பொது ஓட்டமும் சில சமயம் அதே தடத்தில்தான் போகும். விண்ணப்பத்தில் மேலே தெரிந்ததைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிவிட்டு, நன்றாகவும் ஓடிவிட்டு, ஐந்தைந்து வயதாகப் பிரித்த சாம்பியன்ஷிப் பட்டியலில் தன் பெயர் இல்லையே என்று தேடுகிறவர்கள் உண்டு. தகுதிச்சுற்று தேவையா, அமெரிக்க ஸ்னோஷூ சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டுமா, வயதை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்ற மூன்றையும் அந்த ஆண்டின் விதிகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். போன ஆண்டு ஓடிய நண்பர் சொன்னார் என்பது போதாது.

ஸ்னோஷூவின் அளவு

அமெரிக்க சங்கத்தின் விதிப்படி பெரியவர்களின் ஸ்னோஷூவுக்குக் குறைந்தது 120 சதுர அங்குலப் பரப்பு வேண்டும், அதாவது சுமார் 774 சதுர சென்டிமீட்டர். பந்தயத்துக்கென்றே செய்யப்படுபவை அந்த எல்லையை ஒட்டி, ஏறக்குறைய 7 அங்குல அகலமும் 21 அங்குல நீளமுமாக இருக்கும். நடைப்பயணத்துக்கான பெரிய ஸ்னோஷூவை மாட்டிக்கொண்டு வந்தால் விதி தடுக்காது, உங்கள் இடுப்புதான் தடுக்கும். குழந்தைகளுக்கான சிறிய ஜோடியை எடுத்து வந்தால் விதியே தடுத்துவிடும்.

பட்டையை ஒரே ஒருமுறை இறுக்கிவிட்டு ஓடுவது

இதை எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை. காரணம், இது முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடியது. மாதக்கணக்கில் பயிற்சி செய்து, பணம் செலவழித்து, வெகுதூரம் பயணம் செய்து வந்த ஒருவர் ஒரு பட்டைக்காகப் பாதி வழியில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார்.

காட்சி எப்போதும் ஒன்றுதான். ஐந்தாவது, ஆறாவது கிலோமீட்டர் பக்கம், தடத்தின் ஓரத்தில், அறுபதைக் கடந்த ஒருவர் ஒரு காலை மடித்து உட்கார்ந்திருக்கிறார். பல்லால் கடித்துக் கையுறையை உருவியிருக்கிறார். பக்கிளின் நடுவே பனி உறைந்து கண்ணாடிபோலத் தெரிகிறது. நகத்தால் சுரண்டுகிறார், வாயால் ஊதுகிறார். விரல் நுனி வெளுத்துவிட்டதால் பட்டையின் முனை கையில் பிடிபடுவதே இல்லை. வயதாக ஆக விரல்களுக்கு ரத்தம் திரும்புவது மெதுவாகத்தான். இருபத்தைந்து வயதுக்காரர் முப்பது நொடியில் முடிப்பதற்கு இவருக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. அதற்குள் அவருடைய பிரிவைச் சேர்ந்த மூன்று பேர் கடந்து போய்விடுகிறார்கள். ஐந்தாறு பேர் மட்டுமே ஓடுகிற ஒரு வயதுப் பிரிவில் இரண்டு நிமிடம் என்பது பதக்க மேடைக்கும் பார்வையாளர் வரிசைக்கும் இடையே உள்ள தூரம்.

பட்டை ஏன் தளர்கிறது? மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது, இறுக்கும்போது ஷூவின் அடியிலும் குதிகாலைச் சுற்றியும் ஒட்டியிருக்கும் பனி. அதையும் சேர்த்து வைத்துத்தான் இறுக்குகிறீர்கள். ஓட ஓட அது நசுங்கியும் உருகியும் வெளியேறும், அந்த இடம் அப்படியே தளர்வாக நிற்கும். இரண்டாவது, நைலான் பட்டை ஈரம் குடித்தால் கொஞ்சம் நீளும். மூன்றாவது, ஷூவின் மேற்பகுதி ஓட்டத்தில் படிந்து அமுங்கும், கயிறும் இளகும். வீட்டுக்குள் காய்ந்த தரையில் கச்சிதமாக இருந்த கட்டு இந்த மூன்றையும் பார்த்ததே இல்லை.

தளர்ந்தபின் நடப்பது, எந்தப் பட்டை தளர்ந்தது என்பதைப் பொறுத்தது. முன்பாதத்தின் மேல் வரும் பட்டை தளர்ந்தால் இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்கும். கால்விரல் ஸ்னோஷூவின் முன்பக்கத் தளத்தில் முட்டும். கீல்போல மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல், நுனி பனியில் குத்தி ஆளைக் குப்புறத் தள்ளும். குதிகால் பட்டை தளர்ந்தால் பாதம் பின்னால் நகரும், பனியைப் பிடிக்கும் முட்கள் பாதப்பந்தின் (கால்விரல்களுக்குப் பின்னால் உள்ள தடித்த பகுதி) அடியில் இல்லாமல் முன்னே போய்விடும், ஏற்றத்தில் ஒவ்வொரு அடியும் சறுக்கும். அதைவிட மோசம் குதிகால் பக்கவாட்டில் ஆடுவது. ஸ்னோஷூவின் வால் உள்பக்கம் திரும்பி, சட்டத்தின் விளிம்பு எதிர்க் கணுக்காலின் எலும்பில் ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சின்னக் கீறலோடு போகாது.

சரியான முறைக்கு ஒன்றும் பெரிய திறமை வேண்டாம், பொறுமை போதும்.

வீட்டிலேயே, பந்தயத்தில் போடப்போகும் காலுறையோடு ஷூவை மாட்டி, பாதத்தின் அகலமான பகுதி சரியாகக் கீலின் மேல் வரும்படி வையுங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவு இருக்காது, அதனால் இடது வலது எது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பக்கிள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் இருந்தால் எதிர்க்கால் தட்டித் திறந்துவிடும். குதிகால் பட்டை எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ஷூவின் பின்புறம் வழவழவென்று சரிவாக இருந்தால் பட்டை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பட்டை தங்குவதற்கு ஒரு மேடோ விளிம்போ உள்ள ஷூவைத் தேர்ந்தெடுங்கள்.

பந்தய நாளில், தொடங்குவதற்கு நாற்பது நிமிடம் முன்பு ஷூவின் அடியைத் துடைத்துவிட்டு முதல் கட்டு. பத்து நிமிடம் மெதுவான ஓட்டம். நின்று, பட்டையை முழுவதும் அவிழ்த்து, சேர்ந்த பனியைத் தட்டிவிட்டு இரண்டாவது கட்டு. அவிழ்க்காமல் மேலாக இழுத்துவிடுவதில் பயனில்லை, பனி உள்ளேயேதான் இருக்கும். பிறகு இருபது நொடி வேக ஓட்டம் நான்கு, அதில் ஒன்றாவது இறக்கத்தில். மூன்றாவது கட்டு. இப்போது காலைத் தூக்கி, ஸ்னோஷூவின் வாலைக் கையால் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். குதிகால் ஒரு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்தால் இன்னும் இறுக்க வேண்டும். சரியாக இருந்தால் பட்டையில் அந்த இடத்தை அழியாத மையால் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பந்தயத்துக்கு உதவும். மீதமுள்ள முனையை மடித்து டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வெல்க்ரோ உள்ள கட்டானால் ஒட்டும் பகுதியில் பனித்துகள் போகாமல் மூடியே வையுங்கள். ஒருமுறை பனி நிரம்பிய வெல்க்ரோ அன்றைக்கு ஒட்டாது.

இறுக்கம் முழுவதையும் பாதத்தின் மேல் போடாதீர்கள். மேலே அதிகமாக இறுக்கினால் விரல்களுக்கு ரத்தம் போகாமல் மரத்துவிடும், குளிரில் அது ஆபத்து. முன்பட்டை பாதம் நகராத அளவுக்கு, குதிகால் பட்டை நன்றாக இறுக்கமாக.

விரல் மூட்டுகள் விறைப்பாக உள்ளவர்கள் பட்டையே இல்லாத வழியை யோசிக்கலாம். ஒரு பழைய ஓட்ட ஷூவின் அடியைத் துளைத்து நேரடியாக ஸ்னோஷூவில் போல்ட் போட்டுவிடுவது. பல பந்தயக்காரர்கள் இப்படித்தான் ஓடுகிறார்கள். எடை குறையும், தளர்வு என்ற பேச்சே இல்லை. ஆனால் துளை போட்டபின் இடத்தை மாற்ற முடியாது என்பதால், பட்டையோடு பலமுறை ஓடிப் பார்த்து உங்கள் இடத்தைக் கண்டுபிடித்தபின் துளையுங்கள். உள்ளே போல்ட் தலை காலில் குத்தாமல் அகலமான வாஷரும் அதன் மேல் ஷூவுக்குள் விரிக்கும் தடிமனான மெத்தையும் வேண்டும். தொடக்க இடம் வரை நடக்க வேறு ஷூ வேண்டும், அதைக் கழற்றிவைக்க ஓர் இடமும் வேண்டும்.

உருட்டி இறுக்கிய தடத்தில் மட்டும் பழகுவது

இயந்திரம் வைத்து உருட்டிய தடம் ஏறக்குறைய சாலைபோல. சாம்பியன்ஷிப் தடத்தில் ஒற்றையடிப் பாதை வரும், முந்த வேண்டுமென்றால் ஓரத்துப் புதுப்பனியில் இறங்க வேண்டும். அங்கே முழங்கால் வரை புதையலாம். அந்தப் பதினைந்து இருபது அடிக்கு ஆகும் மூச்சை மீட்க, அறுபது வயதில் பல நிமிடங்கள் பிடிக்கும். முந்துவதென்றால் பாதை அகலமாகும் இடம்வரை பின்னாலேயே காத்திருங்கள். முன்னால் போகிறவர் மிதித்துத் தருகிற பனியில் ஓடுவது எளிது, அதை வீணாக்க வேண்டாம். உங்களை முந்த ஒருவர் குரல் கொடுத்தால் ஓடிக்கொண்டே ஒரு பக்கமாக ஒதுங்குங்கள். திடீரென்று நின்றால் பின்னால் வருபவர் உங்கள் ஸ்னோஷூவின் வாலை மிதிப்பார், இரண்டு பேரும் விழுவீர்கள்.

பயிற்சியில் வாரம் ஒருமுறையாவது, பத்துப் பதினைந்து நிமிடம், யாரும் மிதிக்காத பனியில் ஓடுங்கள்.

சாலை வேகத்தை நம்புவது

வேண்டாம். சாலையில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுபவருக்குப் பனியிலும் ஏற்றத்திலும் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். மூச்சை வைத்து ஓடுங்கள்: முதல் இரண்டு கிலோமீட்டரில் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும்.

இறக்கத்தில் பின்னால் சாய்வது

பயம் வந்தால் உடம்பு தானாகவே பின்னால் சாயும். பனியைக் கவ்வும் முக்கிய முட்கள் பாதப்பந்தின் அடியில் இருக்கின்றன. எடை பின்னே போனால் அவை பனியை விட்டுக் கிளம்பும், வழவழப்பான வால்பகுதி சறுக்குப்பலகை ஆகிவிடும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எடையைப் பாதத்தின் நடுவுக்கும் முன்பகுதிக்கும் கொடுத்து, குட்டைக் குட்டை அடியாக இறங்குங்கள்.

இடுப்பையும் கெண்டைக்காலையும் மறப்பது

ஒவ்வொரு அடியிலும் காலைக் கூடுதலாகத் தூக்க வேண்டும், கொஞ்சம் அகட்டியும் வைக்க வேண்டும். அதனால் முதலில் களைப்பது இடுப்பின் முன்பக்கத் தசையும் தொடையின் உள்பக்கத் தசையும். மென்பனியில் குதிகால் புதைந்து இறங்குவதால் குதிகால் தசைநாரும் வழக்கத்தைவிட அதிகமாக இழுபடும். வயதான தசைநார் திடீர்ச் சுமையை ஏற்காது, அதற்கு வாரங்கள் வேண்டும். பந்தயத்துக்கு எட்டுப் பத்து வாரம் முன்பே, வாரம் இருமுறை: 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரப் படியில் ஏறி இறங்குவது காலுக்குப் பன்னிரண்டு, மூன்று சுற்று. படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழிறக்குவது பதினைந்து, மூன்று சுற்று. முதல் பனி விழுந்த அன்றே எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, மறுநாள் குதிகால் வலிக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் இந்த வாரங்களைத் தாண்டிக் குதித்தவர்கள்.

முன்பக்கக் குளிரை மட்டும் நினைப்பது

ஸ்னோஷூவின் வால் ஒவ்வொரு அடிக்கும் பனியை வாரி முதுகில் எறியும். தொடையின் பின்புறம், இடுப்பு, பின்கழுத்து எல்லாம் நனையும். காற்றைத் தடுக்கும் துணி முன்னால் இருக்கட்டும், நீரைத் தடுக்கும் துணி பின்னால் இருக்க வேண்டும். ஷூவின் வலைத்துணியை டேப்பால் மூடுங்கள், கணுக்கால் உறை போடுங்கள்.

உயரத்தைக் கணக்கில் எடுக்காதது

கொலராடோவின் லெட்வில் போன்ற இடங்கள் கடல் மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேல். சமவெளியிலிருந்து வருபவர் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே போய்ப் பழகுவது நல்லது. முடியாவிட்டால் தொடக்க வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் உயரத்தையும் குளிரையும் பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். சில மாத்திரைகள் இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும், அப்போது கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்து வேகத்தை முடிவு செய்ய முடியாது.

தண்ணீர் பாட்டில்

தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்து உறையும், மூடி அடைக்காது.

மார்பில் அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி

உடனே நில்லுங்கள். உதவி கேளுங்கள்.

முடித்ததும் ஈரத்தோடு நின்று பேசுவது

முடிவுக்கோட்டைத் தாண்டிய சில நிமிடங்களில் உடம்புச் சூடு இறங்கிவிடும், முதுகில் பனி நனைத்த துணி வேறு. காய்ந்த மேல்சட்டை, தொப்பி, கையுறை மூன்றையும் ஒரு பையில் போட்டு முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவரிடம் கொடுத்துவைத்திருங்கள். முதலில் சட்டையை மாற்றுங்கள், பக்கிளைப் பிறகு அவிழ்க்கலாம். அது உறைந்துபோய்த் திறக்க மறுத்தால் சுரண்ட வேண்டாம், ஸ்னோஷூவோடு போய்ச் சூடான அறையின் வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள், தானாக இளகும்.