ஆக்சஸ் தரவுத்தளம் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தால்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் உருவாக்கிய கோப்பு ஒன்று, நேற்றுவரை ஏற்றுக்கொண்ட கடவுச்சொல்லை இன்று தவறு என்று சொன்னால், பெரும்பாலானோர் அதே சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து பார்க்கிறார்கள். அதற்கு முன், கேட்கப்படுவது எந்தக் கடவுச்சொல் என்பதைக் கண்டறிய வேண்டும். ஆக்சஸில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கடவுச்சொற்கள் உண்டு, ஓரிடத்துச் சொல் மற்றோரிடத்தில் செல்லாது. ஆக்சஸ் 2010 முதலான பதிப்புகளை மனத்தில் வைத்துக் கீழ்க்காணும் படிகளைத் தருகிறேன்.

படி 1: எது கேட்கிறது என்று பாருங்கள்

கோப்பைத் திறந்தவுடன் "பாஸ்வேர்ட் ரிக்கொயர்ட்" என்ற தலைப்புடன் ஒரே ஒரு கட்டம் வந்தால், அது தரவுத்தளத்துக்கே போடப்பட்ட கடவுச்சொல். இந்த விளக்கத்தின் பெரும்பகுதி இதைப் பற்றியதே.

பெயர், கடவுச்சொல் என இரண்டு கட்டங்களுடன் "லாகான்" சாளரம் வந்தால், அது பழைய .எம்டிபி கோப்புகளுக்கு உரிய பயனர்நிலைப் பாதுகாப்பு. அந்தப் பயனர்களின் பெயரும் கடவுச்சொல்லும் தரவுத்தளத்துக்குள் இல்லை; .எம்டிடபிள்யூ என்று முடியும் தனிக் கோப்பு ஒன்றில் இருக்கின்றன. பழைய கணினியிலிருந்து .எம்டிபி கோப்பை மட்டும் நகலெடுத்து வந்தவர்கள், கடவுச்சொல் கேட்கப்படாமலேயே "அனுமதி இல்லை" என்ற மறுப்பைச் சந்திப்பது இதனால்தான். அந்த .எம்டிடபிள்யூ கோப்பையும் தேடி எடுத்து வருவதே தீர்வு. ஆக்சஸ் 2007இல் வந்த .ஏசிசிடிபி வடிவத்தில் இந்த ஏற்பாடே கிடையாது.

கோப்பு தடையின்றித் திறந்து, ஆல்ட், எஃப்11 விசைகளை அழுத்தி நிரலைப் பார்க்க முயலும்போது மட்டும் கடவுச்சொல் கேட்டால், அது விபிஏ (ஆக்சஸுக்குள் நிரல் எழுதப் பயன்படும் மொழி) நிரலுக்கான பூட்டு. அட்டவணைகளில் உள்ள தரவுக்கும் அதற்கும் தொடர்பில்லை; நிரல் எழுதியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: விசைப்பலகையைச் சரிபாருங்கள்

தட்டச்சு செய்வது நட்சத்திரக் குறிகளாக மறைந்துவிடுவதால், உள்ளே போவது என்ன என்று நமக்குத் தெரிவதில்லை. தமிழில் தட்டச்சு செய்யும் அலுவலகங்களில் இது தனிச் சிக்கல். தமிழ்99 போன்ற யூனிகோடு விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் ஆங்கில எழுத்து என்று நினைத்து அழுத்துவது தமிழ் எழுத்தாகப் பதிவாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவை நேரடியாகப் பயன்படுத்துவோருக்கு இச்சிக்கல் வராது. அங்கே திரையில் தெரிவது தமிழானாலும் கோப்பில் பதிவாவது ஆங்கிலக் குறியீடுதான். ஆகவே பாமினியில் பழகியவரின் கணினியில் செல்லும் கடவுச்சொல், யூனிகோடு விசைப்பலகையை இயக்கி வைத்திருக்கும் பக்கத்து மேசைக் கணினியில் செல்லாமல் போகலாம்.

நோட்பேடைத் திறந்து அதில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து பாருங்கள். தமிழ் எழுத்து வந்தால், விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள். தனித் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வைத்திருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஆக்சஸ் வேறுபடுத்திப் பார்க்கும் என்பதால் கேப்ஸ் லாக்கைக் கவனியுங்கள். மின்னஞ்சலிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. தரவுத்தளக் கடவுச்சொல்லின் உச்ச நீளம் 20 எழுத்துகள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 3: கடவுச்சொல்லை மாற்றவோ நீக்கவோ முடியவில்லையா?

சொல் தெரிந்திருந்தும் அதை நீக்க முடியவில்லை என்றால், கோப்பு தனியுரிமை முறையில், அதாவது வேறு யாரும் திறக்க முடியாதபடி ஒருவர் மட்டும் பயன்படுத்தும் முறையில், திறக்கப்படவில்லை என்று பொருள். கோப்பின் மீது இருமுறை சொடுக்கித் திறந்தால், வழக்கமாக அது பலரும் பகிரும் முறையில்தான் திறக்கும். ஆகவே முதலில் வெறும் ஆக்சஸை மட்டும் திறந்து, "ஃபைல்", "ஓப்பன்", "பிரவுஸ்" (ஆக்சஸ் 2010இல் இது இல்லை) என்று சென்று கோப்பைத் தேர்ந்தெடுத்து, "ஓப்பன்" பொத்தானை அழுத்தாமல் அதன் அருகிலுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தி, "ஓப்பன் எக்ஸ்க்ளூசிவ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு "ஃபைல்", "இன்ஃபோ" பகுதியில் "டீகிரிப்ட் டேட்டாபேஸ்" என்பதை அழுத்திப் பழைய சொல்லைக் கொடுத்தால் பூட்டு நீங்கும். மாற்றுவதற்கென்று தனி வசதி இல்லாததால், நீக்கிவிட்டு அதே இடத்தில் "என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்ட்" வழியாகப் புதியதைப் போட வேண்டும். அப்போது, வரிசை அளவிலான பூட்டு புறக்கணிக்கப்படும் என்று ஒரு செய்தி வரும். அது பிழையன்று, "ஓகே" கொடுத்துவிடலாம்.

தனியுரிமை முறையிலும் திறக்க மறுத்தால், வேறொருவர் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார். அதே கோப்புறையில் .எல்ஏசிசிடிபி என்று முடியும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். அதை நோட்பேடில் திறந்தால் கணினிகளின் பெயர்கள் தெரியும். வெளியேறியவர்களின் பெயரும் அதில் தங்கிவிடுவதால், அந்தப் பட்டியலை வைத்து ஒருவரைக் குற்றம் சாட்டிவிடாதீர்கள். எல்லோரும் மூடிவிட்டார்கள் என்று உறுதியானபின் அது எஞ்சியிருந்தால், அந்தச் சிறு கோப்பை மட்டும் அழித்துவிடலாம்.

படி 4: சொல்லை மாற்றியபின் இணைப்பு அட்டவணைகள் திறக்கவில்லையா?

படிவங்கள் ஒரு கோப்பிலும் தரவு மற்றொரு கோப்பிலும் இருக்கும் அமைப்பில், தரவுக் கோப்பின் கடவுச்சொல்லை மாற்றியவுடன் படிவக் கோப்பிலிருந்து எந்த அட்டவணையைத் திறந்தாலும் "நாட் எ வேலிட் பாஸ்வேர்ட்" என்று வரும். பழைய சொல் அந்த இணைப்புகளுக்குள் பதிந்திருப்பதே காரணம். இணைப்பை அழித்துப் புதிதாக உருவாக்குவதே நம்பகமான வழி.

படிவக் கோப்பில் அம்புக்குறி போட்ட அட்டவணைப் பெயரைத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். நீங்குவது இணைப்பு மட்டுமே, அட்டவணை அன்று என்று ஆக்சஸே உறுதிப்படுத்திக் கேட்கும். அம்புக்குறி இல்லாத அட்டவணையில் கை வைக்காதீர்கள். அது உண்மையான தரவு. பிறகு "எக்ஸ்டர்னல் டேட்டா" பகுதியில் ஆக்சஸ் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள இரண்டு வாய்ப்புகளில் "லிங்க்" என்று தொடங்குவதைக் குறியுங்கள். "இம்போர்ட்" என்பதைக் குறித்தால் தனி நகல் உருவாகி, அன்றிலிருந்து இரண்டு கணக்குகள் ஓடத் தொடங்கும். பழைய இணைப்பை அழிக்காமல் புதியதைச் சேர்த்தால் பெயரின் கடைசியில் 1 சேர்ந்துகொள்ளும், வினவல்கள் (அட்டவணைகளிலிருந்து தரவைத் தேடியெடுக்கும் கட்டளைகள்) பழையதையே தேடிக்கொண்டிருக்கும்.

படி 5: சொல்லே மறந்துவிட்டால்

பழைய .எம்டிபி கோப்பின் கடவுச்சொல் வலுவற்றது. கோப்பின் தலைப்பகுதியிலேயே இருப்பதால் அதைப் படித்துச் சொல்லும் கருவிகள் பல உள்ளன. .ஏசிசிடிபி அப்படியல்ல, தரவே மறையாக்கம் செய்யப்பட்டு, சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி இருப்பதால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது. நீக்கித் தருகிறோம் என்று கோப்பைப் பதிவேற்றச் சொல்லும் தளங்களுக்கு வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய கோப்பை அனுப்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடவுச்சொல் போடுவதற்கு முந்தைய காப்புப் பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, உங்கள் படிவக் கோப்பு கடவுச்சொல் கேட்காமல் தரவுக் கோப்பைத் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், மறந்த சொல் அதனுள்ளேயே மறைக்கப்படாத எழுத்தாக இருக்கும். இடப்பக்கப் பட்டியலின் தலைப்பில் வலச்சொடுக்கி, "நேவிகேஷன் ஆப்ஷன்ஸ்" வழியாக அமைப்பு அட்டவணைகளைக் காட்டச் செய்து, "எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ்" என்ற அட்டவணையில் "கனெக்ட்" நெடுவரிசையைப் படியுங்கள், எதையும் திருத்தாதீர்கள். நீங்கள் இவ்வளவு எளிதாகப் படித்ததை அந்தக் கோப்பை நகலெடுக்கும் எவரும் படிக்கலாம் என்பதால், தரவுக் கோப்புக்குக் கடவுச்சொல் போடும்போது படிவக் கோப்புக்கும் ஒன்று போட்டுவிடுங்கள்.